ஹோலில் வைத்த கடல்

என் கணவர் இனிமேல் கடலில் மூழ்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது எனக்கு வந்த நிம்மதி அவருக்கு வரவில்லை. ஒரே செய்தியை இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கேட்டோம். நான் அல்ஹம்துலில்லாஹ் என்றேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் சுழியோடி. யுத்தம் முடிந்து கடலைத் திறந்துவிட்ட பிறகு கற்பிட்டியில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு இறங்கியவர்களில் ஒருவர். முதலில் கடலட்டையும் சங்கும், பிறகு வெளிநாட்டுக்கு அனுப்புகிற வண்ண மீன்கள். கையில் சின்ன வலையோடு பாறை இடுக்கில் மீனைத் துரத்துவதைப் பற்றி அவர் சொல்லத் தொடங்கினால் என் சோறு ஆறிப்போகும். ஒரு நாள், மெதுவாக ஏறி வர வேண்டிய ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்துவிட்டார், இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிவிட்டதாம். வள்ளத்தில் ஏறியதும் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. கூட்டாளிகள் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கொழும்பில் காற்றழுத்தம் கொடுக்கிற அறைக்குள் படுக்கவைத்து, நாள்கணக்கில் வைத்தியம் பார்த்து, ஒருவழியாக நடக்கவைத்து அனுப்பினார்கள். இடது கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும். இன்னொரு முறை இப்படி நடந்தால் எழும்பி நடப்பது சந்தேகம் என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். சுழியோடிகளிடம் சொல்லிப் பயனில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கணவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். அவருடைய ஓம்களில் பல வகை உண்டு. கடையில் சீனி வாங்கிவரச் சொன்னால் வருகிற ஓம் வேறு, என் தம்பியின் புத்திமதியைக் கேட்டு மறப்பதற்கு வருகிற ஓம் வேறு. அன்று டாக்டருக்குக் கொடுத்தது இரண்டாவது வகை.

வீட்டுக்கு வந்தபின் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிற வேலையைப் பிடித்துக்கொண்டார். கை வேலை செய்யும், கண் கடலைப் பார்க்கும். மழை கழிந்து கடல் அமைதியாகிற காலம் வந்தால் கூட்டாளிகள் வாசலில் வந்து நிற்பார்கள். ஆழமில்லாத இடம்தான், சும்மா வந்து பார் என்பார்கள். நல்ல மனிதர்கள்தான். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் அவர்கள்தான். ஆனால் அவர்கள் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவேன். நான் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் படிப்பிக்கிறவள். வகுப்பில் நிற்கும்போது இன்றைக்கு வந்திருப்பார்களோ, போயிருப்பாரோ என்ற நினைப்பு ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த நேரத்தில்தான் தொட்டி வந்தது. அவரிடம் மீன் வாங்கி அனுப்பிக்கொண்டிருந்த முதலாளி ஒருவர் தொழிலை மூடிவிட்டு, மீன்களை வைத்திருந்த கண்ணாடித் தொட்டி ஒன்றைக் கல், மணல், மோட்டர் எல்லாவற்றோடும் இவருக்குக் கொடுத்துவிட்டார். நாலு பேர் சுமந்து கொண்டுவந்து வீட்டு முன்னறையான ஹோலில் வைத்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி அறைக்குள் போய்விட்டது. வேறு நேரமாக இருந்தால் நான் கத்தியிருப்பேன். அன்றைக்கு நானே துடைப்பம் எடுத்து இடத்தைக் கூட்டிக் கொடுத்தேன். கடல் வீட்டுக்குள் வந்தால் இவர் கடலுக்குப் போகமாட்டார் என்று ஒரு கணக்கு எனக்கு.

கணக்கு முதலில் சரியாகத்தான் வந்தது. எங்கள் பக்கம் ஒரு கரையில் கடல் உள்ளே புகுந்து தேங்கிய களப்பு, மறு கரையில் பெருங்கடல். களப்புத் தண்ணீர் வீட்டுக்குக் கிட்ட, ஆனால் கோடையில் உப்பு ஏறிக் கிடக்கும், சேறும் கலந்திருக்கும், தொட்டிக்கு ஆகாது என்றார். பெருங்கடல் பக்கம் போய்ப் பிளாஸ்டிக் கான்களில் அள்ளி, முச்சக்கர வண்டியில் ஏற்றி வந்து நிரப்பினார். மீனும் இல்லாமல் வெறும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததை வாரக்கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். கல்லுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பழக வேண்டுமாம். பிறகு கோமாளி மீன் இரண்டு வந்தன. காலையில் எழும்பியதும் என்னைப் பார்ப்பதற்கு முன் அவைகளைப் பார்த்தார். எனக்கு அதில் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் சந்தோஷமான பொறாமை.

அடுத்து பவளம் வைக்கும் ஆசை வந்தது. கடலில் உயிரோடு இருக்கிற பவள முருகைக்கல்லை உடைப்பது சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் அவர் அதைச் செய்யாத ஆள். கூட்டாளி ஒருவன் நங்கூரத்தைப் பவளத்தின் மேல் போட்டதற்காக அவனோடு ஒரு வருஷம் கதைக்காமல் இருந்தவர். ஆகவே கொழும்பில் தொட்டி வைத்திருக்கும் ஒரு பெரியவரைப் பிடித்தார். பெரியவர் தன் தொட்டியில் பல வருஷமாக வளர்ந்து பெருகிய பவளத்திலிருந்து சின்னச் சின்னத் துண்டு வெட்டிக் கொடுத்தார். தண்ணீரைப் பரிசோதிக்கிற மருந்துப் பெட்டி ஒன்றையும் கூடவே கொடுத்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டில் பெருநாள் மாதிரி இருந்தது. பவளம் வந்த பொலித்தீன் பையைத் தொட்டிக்குள் மிதக்கவிட்டு, இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகும்வரை காத்திருந்தோம். பிறகு ஒரு மெல்லிய குழாயால் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் பைக்குள் விட்டார். சேலைன் ஏற்றுவது போல இருக்கிறது என்றேன், சிரித்தார். துண்டுகளை நான் பிடிக்க, அவர் பசை வைத்துக் கல்லில் ஒட்டினார். எடுத்த எடுப்பில் வெளிச்சத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் வெந்துவிடும் என்று கீழே வைத்தார். அடுத்த நாள் மாலை அஸர் தொழுகை நேரம் ஒரு துண்டு விரிந்தது. சட்டைப் பொத்தான் அளவுப் பூக்கள், நடுவில் பச்சை, ஓரத்தில் செம்மஞ்சள். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். இதைப் பார்க்கத்தானா மனிதன் இத்தனை வருஷம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கீழே போனான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தொட்டியில் தண்ணீர் தினமும் குறையும். எங்கள் ஊர்க் காற்று அப்படி. உப்பு போகாது, தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகும், அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீர் ஊற்ற வேண்டும். கடல் தண்ணீருக்கும் தாகம் எடுக்கிறதே என்று நான் கேலி செய்வேன். அந்தத் தாகத்துக்கு நாங்கள் ஊற்றியது எங்கள் கிணற்றுத் தண்ணீர். வேறு எதை ஊற்றுவது? அது சும்மா கிணறு அல்ல. யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து, அகதி முகாமின் கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் வரிசையில் நின்று தண்ணீர் பிடித்த மாமா, என் கணவரின் வாப்பா, சொந்தமாக ஒரு துண்டுக் காணி வாங்கியதும் வீடு கட்டுவதற்கு முன்பே கிணற்றைத்தான் வெட்டினார். தண்ணீர் இளநீர் மாதிரி இருந்தது. சுற்றுவட்டாரத்தில் இருந்தெல்லாம் கானோடு வருவார்கள். மாமா மௌத்தாகி அடக்கம் பண்ணிய பிறகும் வருகிறார்கள். யாராவது அந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என் கணவரின் முகம் மலர்ந்துவிடும். தொட்டிக்கும் அதையே ஒரு பாத்திரத்தில் மொண்டு, பிஸ்மி சொல்லி ஊற்றுவார்.

பாசி மெதுவாகத்தான் வந்தது. முதலில் மணலில் மண்ணிறத் தூசு. புதுத் தொட்டியில் அப்படித்தான் வரும், தானாகப் போகும் என்றார். போனது. அது போன இடத்தில் பச்சை வந்தது. கல்லில் மயிர் முளைத்த மாதிரி இழை இழையாக வளர்ந்து, நீரோட்டத்தில் ஆடிக்கொண்டு, பார்க்க அழகாகக்கூட இருந்தது. பிறகு அது பவளத்தின் மேல் ஏறத் தொடங்கியது. பொத்தான் பூக்கள் விரிய இடமில்லாமல் மூடிக்கொண்டன. ஒரு துண்டு கறுத்துக் கரைந்தே போனது. அன்று அவர் சாப்பிடவில்லை.

நாங்கள் செய்யாத வைத்தியம் இல்லை. பல் விளக்குகிற பிரஷ்ஷால் கல்லைத் தேய்த்தோம். லைட்டைக் குறைத்தோம். மீனுக்குச் சாப்பாட்டைக் குறைத்தோம், பாவம் அவைகள் கண்ணாடியோடு வந்து எங்கள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றன. கொழும்புப் பெரியவர் தொலைபேசியில் சொன்னபடி பழைய தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் ஊற்றினோம். ஊற்றினால் இரண்டு மூன்று நாளைக்கு நல்லாயிருக்கும், பிறகு பழைய குருடி கதவைத் திறடி என்று வந்து நிற்கும். மருந்துப் பெட்டியால் தொட்டித் தண்ணீரைப் பரிசோதித்தால் பெரிய குறை காட்டாது. இப்போது தெரிகிறது, தண்ணீரோடு வருகிற சத்தையெல்லாம் பாசியே தின்றுகொண்டிருந்தது. தொட்டியில் மிஞ்சினால்தானே மருந்து காட்டும்.

அவருடைய முகம் ஆஸ்பத்திரியில் இருந்த காலத்து முகமாக மாறிக்கொண்டு வந்தது. கூட்டாளிகள் வந்தபோது தொட்டியைக் காட்டி அழாக்குறையாகச் சொன்னார். அவர்களில் மூத்தவர் பார்த்துவிட்டு, இதற்குப் பாசி தின்னுகிற மீனும் நத்தையும் வேண்டும், பாறைப் பக்கம் கிடக்கிறதுதானே, வெள்ளிக்கிழமை நாங்கள் போகிறோம், நீயும் வா, ஆழமில்லை என்றார். நீங்களே பிடித்துக்கொண்டு வாருங்களேன் என்றேன் நான், தேத்தண்ணீர்த் தட்டை வைத்தபடி. எந்த மீன், எந்த அளவு என்று அவனுக்குத்தானே தெரியும் என்றார் மூத்தவர். கணவர் என்னைப் பார்க்காமல் ஓம் என்றார். அது முதலாவது வகை ஓம். சீனி வாங்கி வருகிற ஓம்.

எந்தத் தொட்டியை இவரைக் கரையில் கட்டிப்போட வைத்தேனோ, அதே தொட்டி இவரைக் கையைப் பிடித்துக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. நான் அழுதேன், சண்டை பிடித்தேன், கதைக்காமல் இருந்து பார்த்தேன். ஒரு மணித்தியாலம்தான், நெஞ்சளவு தண்ணீர்தான் என்று அவர் ஒரே பாட்டைப் பாடினார். நெஞ்சளவு தண்ணீரில் நிற்கப் போகிறவர் எதற்கு சிலிண்டரைத் துடைத்து வெயிலில் வைக்கிறார்?

வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வேலியோரம் பக்கத்துக் காணிக்காரர் நின்றார். எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் அவருடைய வெங்காயப் பாத்திதான். அவருடைய கிணறு உவர்த்துப் போனதிலிருந்து எங்கள் கிணற்றில்தான் குழாய் போட்டு இறைக்கிறார். அந்த நன்றியை மறக்காத மனிதர், பார்க்கும்போதெல்லாம் ஏதாவது சொல்லுவார். அன்றைக்கு ஒரு கட்டு வெங்காயத்தை நீட்டியபடி சொன்னார்:

"உங்கட கிணத்துத் தண்ணிக்கு ஒரு பரக்கத் இரிக்கு டீச்சர். நான் இப்ப யூரியா பாதிதான் போடுறன். தண்ணி பாஞ்சாலே பயிர் கருகருவெண்டு வருது."

நான் சிரித்துக்கொண்டு வெங்காயத்தை வாங்கினேன். படலையைத் திறந்து உள்ளே வந்து, செருப்பைக் கழற்றப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பாதி யூரியாவிலேயே வெங்காயம் அப்படி வளருகிறதென்றால் மிச்ச யூரியா எங்கே இருந்து வருகிறது? மணல் மண். வருஷத்துக்கு எத்தனை போகம், எத்தனை மூட்டை உரம். ஊற்றுகிற தண்ணீரோடு கீழே இறங்கிக் கிணற்றுக்குள் வராமல் வேறெங்கே போகும்? வெங்காயத்துக்கு நல்ல தண்ணீர் பாசிக்கும் நல்ல தண்ணீர்தானே. கிணற்றடியில் துணி துவைக்கிற சீமெந்துத் தொட்டியை வாரத்துக்கு வாரம் நான்தான் வழுக்க வழுக்கத் தேய்க்கிறேன். பள்ளிக்கூடத்து மழைத் தண்ணீர்ப் பீப்பாயில் அந்த வழுக்கல் கிடையாது. இத்தனை நாளும் அது மண்டையில் ஏறவில்லை.

அவரிடம் போய்ச் சொன்னேன். கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கலாம், எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. கிணறுதான் காரணம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டேன். அவர் கதிரையிலிருந்து எழும்பினார்.

"வாப்பாட கிணத்தயா சொல்றா? இந்த ஊரே குடிக்கிது."

அதற்கு மேல் கேட்கவில்லை, வெளியே போய்விட்டார். எனக்கு அவர் கோபம் விளங்காமல் இல்லை. மாமா இந்த மண்ணில் விட்டுப்போன ஒரே பெருமை அந்தக் கிணறு. அகதி என்று பெயர் வாங்கிய ஊரில், ஊர்க்காரர்களும் கானோடு வந்து நின்ற வாசல் அது. ஆனால் அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. நான் கிணற்றின் மரியாதையைப் பார்ப்பேனா, இவருடைய காலைப் பார்ப்பேனா?

மருந்துப் பெட்டியை எடுத்தேன். தொட்டித் தண்ணீரை எத்தனையோ தரம் பரிசோதித்திருக்கிறோம். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. வீட்டுக் குழந்தையை யாராவது சந்தேகப்படுவார்களா? வாளியில் அள்ளிப் பெட்டியில் இருந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி, உரத்திலிருந்து வருகிற நைட்ரேட்டைப் பார்க்கிற மருந்தைச் சொட்டுவிட்டுக் குலுக்கினேன். மஞ்சளாக இருந்தால் நல்லது, சிவக்கச் சிவக்கக் கூடாது. மஞ்சள் என் கண் முன்னாலேயே செம்மஞ்சளாகி, சிவப்பாகி, ரூஹ் அப்ஸா சர்பத் நிறத்துக்கு வந்து நின்றது. பயந்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்ற எண்ணம் ஒரு நொடி வந்து, குடிக்கிற தண்ணீர் இதுதானே என்ற எண்ணம் அதைத் தள்ளிவிட்டு முன்னே வந்தது.

மஃரிப் தொழுதுவிட்டு வந்தவருக்கு முன்னால் அந்தக் குழாயை வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவர் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். கொட்டினார். கழுவினார். தானே கிணற்றடிக்குப் போய்த் தானே அள்ளி, தானே மருந்து விட்டார். சிவந்தது. தாழ்வாரத்துக்குக் கீழே இருந்த கிடாரப் பானையில் கிடந்த மழைத் தண்ணீரை எடுத்து அதையும் பார்த்தார். அது மஞ்சளாகவே இருந்தது. இரண்டு குழாயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வாப்பாவின் மேல் பிழை இல்லை என்றேன். அவர் வெட்டும்போது சுற்றிவர வெறும் பற்றைக் காடுதானே.

"ஓம்," என்றார். அந்த ஓம் எனக்குப் புதிது.

காலையில் கூட்டாளிகள் வந்தார்கள். நான் குசினி யன்னலில் நின்று கேட்டேன். ஒளிந்து கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். குறை கடலில் எடுத்துவருகிற மீனால் தீராது, வீட்டுத் தண்ணீரில் இருக்கிறது, முதலில் அதைப் பார்க்க வேண்டும், நீங்கள் போய்வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். மூத்தவர் ஏதோ பகிடி சொல்லிச் சிரித்தார். வள்ளத்துக்குப் பிந்திவிடும் என்று வண்டியைத் திருப்பினார்கள். மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் தேய்ந்து போகும்வரை நான் தேங்காய்த் துருவலைக் கையில் பிடித்தபடியே நின்றேன். அன்றைக்குப் பாணுக்குச் சம்பல் அரைத்தேன், உப்புப் போட மறந்துவிட்டேன், அவரும் சொல்லாமல் சாப்பிட்டார்.

அன்று ஜும்மாத் தொழுகை முடிந்து வந்ததிலிருந்து, கானோடு வருகிறவர்களிடம் எல்லாம் அவரே சொல்லத் தொடங்கினார். குளிக்கலாம், துவைக்கலாம், குடிக்க வேண்டாம், முக்கியமாகக் கைப்பிள்ளைக்குப் பால்மா கரைக்க எடுக்காதீர்கள், காய்ச்சினாலும் இது போகாது. சிலர் நம்பவில்லை. சிலர் தண்ணீர் கொடுக்க மனமில்லை என்று நினைத்தார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் இரண்டு குழாயையும் காட்டினார். தன் வாப்பாவின் கிணற்றைப் பற்றித் தன் வாயாலேயே அப்படிச் சொல்லிக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, கலியாணம் கட்டிய இத்தனை வருஷத்தில் அவரை நான் அவ்வளவு மதித்த நாள் இல்லை. குடிக்க இப்போது நாங்களும் கடையில் சுத்திகரித்த தண்ணீர் எடுக்கிறோம். வெங்காயக்காரர் மட்டும் சந்தோஷமாக இறைத்துக்கொண்டிருக்கிறார்.

தொட்டிக்குக் கூரையிலிருந்து மழைத் தண்ணீர் பிடித்தோம். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையில் பீப்பாயை வைத்தோம். கல்லில் இருந்த பாசியைக் கையால் பிடுங்கினோம், கடல் தண்ணீரை மாற்றினோம். ஒரே நாளில் ஒன்றும் நடக்கவில்லை. பிடுங்கிய இடத்தில் திரும்ப முளைத்தது, ஆனால் சோம்பலாக முளைத்தது. பிறகு நிறம் வெளுத்தது. பிறகு இழை இழையாகக் கழன்று வடிகட்டியில் வந்து சேர்ந்தது. ஒரு நாள் பார்த்தால் கல்லின் பழைய ஊதா நிறம் அங்கங்கே தெரிகிறது. மிஞ்சிய பவளத் துண்டுகளில் ஒன்று, செத்துப்போனது என்று நான் எறியச் சொன்னது, ஓரத்தில் ஒரே ஒரு பொத்தானை விரித்திருந்தது.

அவர்தான் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து பார்த்தோம். எனக்குச் சிரிப்பாகவும் அழுகையாகவும் வந்தது. அப்போது அவர், பவளத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்:

"அந்த வெள்ளிக்கிழம போயிருந்தா நான் ஆழத்துக்குத்தான் இறங்கியிருப்பன், திரும்பி வந்திரிக்க மாட்டன் புள்ள. எனக்கு அது தெரியும். எனக்குப் பயம். அவங்களுக்கிட்டப் பயமெண்டு எப்படிச் சொல்ற? போகாம இரிக்க ஒரு சாட்டுத்தான் தேடிக்கொண்டிருந்தன்."

நான் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். இத்தனை மாதமும் இவரோடு இழுபறிப்பட்டதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுபக்கத்தில் இழுத்தது இவர் அல்ல, கூட்டாளிகளுக்கு முன்னால் இவருக்கிருந்த வெட்கம். இவரும் என் பக்கம்தான் இருந்திருக்கிறார், வாயைத் திறக்காமல். கோபம்தான் முதலில் வந்தது. கோபத்தைச் சொல்ல வாயெடுத்தபோது அது அங்கே இல்லை. கதிரையை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். எனக்கும் அப்படித்தான் பயமாக இருந்தது என்று சொன்னேன். அவர் ஓம், தெரியும் என்றார்.